ரீல்ஸில் சிரிக்க வைப்பவர் சினிமாவுக்குப் போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்பேசிக்காக நகைச்சுவை வீடியோ எடுக்கும் குழுக்களுக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தக் குழுக்களிலிருந்து சிலர் சின்னத்திரைக்குப் போயிருக்கிறார்கள், சிலர் சினிமாவுக்கு. அவர்களைப் பார்த்துவிட்டுத் தாங்களும் போக நினைப்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அவர்களுடைய வீட்டாரும் அதையேதான் கேட்கிறார்கள். கேட்டவர் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்து, தமிழ்நாட்டு நிலவரத்தை ஒட்டி எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

"ரீல்ஸ் போட்டா சினிமா சான்ஸ் வருமா அக்கா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

வரும். ஒருவர் செல்பேசித் திரையில் நன்றாகச் சிரிக்க வைத்தால், எங்கோ ஓர் உதவி இயக்குநர் கண்ணில் அது பட்டுவிடுகிறது. நடிகர் தேர்வு செய்பவர்களும் இப்போது போட்டோ ஆல்பத்துக்கு முன்னால் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத்தான் கேட்கிறார்கள்.

முதல் சான்ஸை வீடியோ வாங்கித் தந்துவிடும். இரண்டாவது சான்ஸுக்கு வேறு சரக்கு வேண்டும். கீழே வரும் பதில்களில் பெரும்பாதி அந்த இரண்டாவது சான்ஸைப் பற்றியதுதான்.

"இதுக்கு முன்னாடி யார் யார் போயிருக்காங்க? பேரோட சொல்லுங்க, எங்க அப்பாகிட்ட காட்டணும்."

ஆர்ஜே விக்னேஷ்காந்த் வானொலியிலிருந்து 'ஸ்மைல் சேட்டை', பிறகு 'பிளாக் ஷீப்' என்று யூடியூபில் வளர்ந்தவர். 2017-இல் 'மீசைய முறுக்கு' படத்தில் கதாநாயகனின் நண்பராக வந்தார். 2019-இல் சிவகார்த்திகேயன் தயாரித்த 'நெஞ்சமுண்டு நேர்மையுண்டு ஓடு ராஜா'வில் ரியோ ராஜுடன் படம் முழுக்க வந்தார். 'எரும சாணி' யூடியூப் சேனலின் விஜய்யும் நடிகராகத் தொடங்கியவர்தான். 2022-இல் அருள்நிதி நடித்த 'டி பிளாக்' படத்தை அவரே இயக்கினார். 'புட் சட்னி' யூடியூப் சேனலில் பேசிப் பேசிப் பழகிய ராஜ்மோகன் 2023-இல் 'பாபா பிளாக் ஷீப்' இயக்கினார். கோவை 'நக்கலைட்ஸ்' யூடியூப் குழுவின் ராஜேஷ்வர் காளிசாமி இயக்கிய 'குடும்பஸ்தன்' 2025 ஜனவரியில் வந்தது.

வெளியே பார்த்தால் இந்தியில் புவன் பாம், பிரஜக்தா கோலி இருவரும் யூடியூபிலிருந்து ஓடிடி தொடர்களுக்குப் போனவர்கள். பிரஜக்தா 2022-இல் ஒரு பெரிய இந்திப் படத்திலும் நடித்துவிட்டார். இத்தாலியில் காபி லேம் 2020 மார்ச்சில் தொழிற்சாலை வேலையை இழந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் முகபாவத்தை மட்டும் வைத்து வீடியோ போட்டவர். 2022 ஜூனில் டிக்டாக்கில் உலகிலேயே அதிகம் பேர் பின்தொடரும் ஆள் ஆனார்.

அப்பாவிடம் காட்டும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். மேலே இருக்கும் தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலானவர்கள் நடிக்க மட்டும் தெரிந்தவர்கள் இல்லை. எழுதுவார்கள், அல்லது இயக்குவார்கள், அல்லது எழுதும் ஒரு குழுவோடு இருப்பார்கள்.

"அந்தக் காலத்துல நாடகத்துல கெடந்து கஷ்டப்பட்டு வந்தாங்கம்மா. இப்ப ஒரு போன் இருந்தா போதுமா? இது என்ன நியாயம்?"

வயதில் மூத்தவர்கள் இதைக் கோபமாகவே கேட்கிறார்கள். அந்தக் கோபத்தில் ஒரு பாதி சரி. முதலில் சரியில்லாத பாதி. ஒவ்வொரு தலைமுறை நகைச்சுவை நடிகரும் அந்தந்தக் காலத்தின் சின்ன மேடையிலிருந்துதான் வந்திருக்கிறார். என்.எஸ்.கிருஷ்ணன் நாடகக் கம்பெனியிலிருந்து 1936-இல் 'சதிலீலாவதி'க்கு வந்தார். நாகேஷ் அமெச்சூர் நாடகத்திலிருந்து வந்தார். கிரேசி மோகனும் எஸ்.வி.சேகரும் சபா நாடகத்திலிருந்து. சந்தானமும் யோகிபாபுவும் 'லொள்ளு சபா'விலிருந்து. சிவகார்த்திகேயன் 'கலக்கப்போவது யாரு' மேடையில் ஜெயித்து, 2012-இல் 'மெரினா'வில் நாயகன் ஆனார். டிவி வந்தபோதும் "இதெல்லாம் ஒரு மேடையா" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இந்தத் தலைமுறைக்குச் சின்ன மேடை செல்பேசி.

சரியான பாதி இது. நாடக மேடை தினமும் எதிரே ஆட்களை உட்கார வைத்தது. எந்த வரிக்குச் சிரித்தார்கள், எந்த வரிக்கு இருமினார்கள் என்று காதிலேயே விழுந்தது. செல்பேசி அதைச் சொல்வதில்லை. சிரிப்பு எமோஜி எத்தனை என்று மட்டும் சொல்லும். அதனால் என்னிடம் வருபவர்களிடம் மாதம் ஒரு முறையாவது ஆட்கள் முன்னால் நின்று பேசச் சொல்கிறேன். சென்னையிலும் கோவையிலும், புதியவர்களும் மேடையேறிப் பேசும் ஸ்டாண்ட் அப் ஓபன் மைக் நடக்கிறது. அது இல்லாத ஊரில் கல்லூரி ஆண்டு விழா, கோயில் திருவிழா மேடை, கல்யாண ரிசப்ஷன், எதுவானாலும் சரி.

"இந்தக் குட்டி வீடியோ அலை டிக்டாக்லதான ஆரம்பிச்சது?"

அதற்கும் முன்னால் டப்ஸ்மாஷ் இருந்தது. 2014 கடைசியில் வந்த அந்தச் செயலியில் வடிவேலு வசனத்துக்கு வாயசைக்காத ஆளே இல்லை என்று ஒரு காலம். பிறகு மியூசிக்கலி, அது 2018-இல் டிக்டாக்கோடு சேர்ந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் டிக்டாக் கொஞ்ச நாள் நின்று மீண்டும் வந்தது. 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் போனது. அடுத்த சில நாட்களிலேயே, ஜூலையில், ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. முதன்முதலில் சோதித்துப் பார்த்ததே இந்தியாவில்தான்.

"அப்ப நாளைக்கு ரீல்ஸையும் மூடிட்டா நாங்க என்ன பண்றது?"

2020 ஜூனில் ஒரே இரவில் எல்லாம் போனவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களில் மீண்டு வந்தவர்கள் பெரும்பாலும் வேறு இடத்திலும் கணக்கு வைத்திருந்தவர்கள், அல்லது தங்கள் கதாபாத்திரத்தின் பெயராலேயே ஊருக்குத் தெரிந்தவர்கள். பயனர் பெயரால் மட்டும் தெரிந்தவர்களைத் தேடிப்போக யாருக்கும் வழி இருக்கவில்லை. அமெரிக்காவில் ஆறு நொடி வீடியோவுக்கான வைன் 2017 ஜனவரியில் மூடப்பட்டபோதும் இதுதான் நடந்தது.

எடுத்த வீடியோவின் அசல் கோப்பை, செயலியின் முத்திரை விழாமல், தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். எழுதியதைத் தேதி போட்டு வையுங்கள். ஒரே நாளில் இரண்டு தளங்களில் போடுங்கள்.

"எனக்கு லட்சத்துக்கு மேல ஃபாலோயர்ஸ். என்னைவிடக் கம்மியா இருக்கிறவனுக்குப் படம் கிடைக்குது. ஏன்?"

இயக்குநர் தேடுவது தன் கதைக்குப் பொருந்தும் ஆளை. உங்கள் பக்கத்தைத் திறக்கும் உதவி இயக்குநர் மூன்று நான்கு வீடியோக்களைத்தான் பார்ப்பார். அதில் நீங்கள் வேறு ஓர் ஆளோடு சேர்ந்து நடித்திருக்கிறீர்களா, கேமராவைப் பார்க்காமல் பேசத் தெரிகிறதா, கோபம் வெட்கம் ஏமாற்றம் எதுவாவது முகத்தில் வருகிறதா என்று பார்ப்பார். டிரெண்டிங் ஆடியோவுக்குத் தலையாட்டிய வீடியோ பத்து லட்சம் பார்வை போயிருந்தாலும் அவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பார்வை எண்ணிக்கையை மறந்துவிட்டு, உங்கள் நடிப்பு நன்றாக வந்த மூன்று வீடியோக்களைப் பக்கத்தின் மேலே நிறுத்தி வையுங்கள்.

"ரீல்ஸ்ல பின்னுறவன் ஷூட்டிங் ஸ்பாட்ல சொதப்புறானே, அது ஏன்க்கா?"

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதற்குப் பதில் இருக்கிறது, சரிசெய்யவும் முடியும். ரீல்ஸில் உங்கள் டைமிங்கில் பாதி கத்தரியில் இருக்கிறது. மூச்சு விடும் இடம், தடுமாறும் இடம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, வசனத்தின் வாலில் அடுத்த வசனத்தின் தலையை ஒட்டி வைக்கிறீர்கள். படப்பிடிப்பில் மாஸ்டர் ஷாட் என்று ஒன்று எடுப்பார்கள். காட்சி முழுவதையும் ஒரே ஓட்டமாக நடிக்க வேண்டும். உங்கள் வசனம் முடிந்த பிறகும் கேமரா உங்கள் மேல் இருக்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் கை தொங்கிப்போய் நிற்பவர்களை நிறையப் பார்க்கிறோம்.

இரண்டாவது காரணம், ரீல்ஸில் அம்மா, அப்பா, மகன், பக்கத்து வீட்டு அத்தை எல்லாம் நீங்களே. அதாவது யார் பேச்சையும் நீங்கள் கேட்டதே இல்லை. சினிமாவில் சிரிப்பு பெரும்பாலும் கேட்பவர் முகத்தில் பிறக்கிறது. செந்தில் பேசும்போது கவுண்டமணி முகத்தைப் பாருங்கள். வடிவேலு அடி வாங்குவதற்கு முந்தைய நொடியில் எதிராளியைப் பார்க்கும் பார்வையைப் பாருங்கள். கேட்பது ஒரு தனிப் பயிற்சி. கூத்துப்பட்டறை போன்ற நடிப்புப் பயிற்சி இடங்களிலிருந்து வந்தவர்களுக்கு இது கைவந்திருக்கும்.

அப்புறம் அந்தக் காத்திருப்பு. காலை ஆறு மணிக்கு மேக்கப் போட்டு, மாலை நான்கு மணிக்கு உங்கள் ஷாட் வரும். அதே சட்டை, அதே கலைந்த தலை, அதே கையில் அதே டம்ளர். மதியம் எடுத்த குளோசப்பில் இடது கையில் பிடித்தது இப்போதும் இடது கையில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து டப்பிங் அறையில் அந்தச் சிரிப்பை உதட்டுக்குப் பொருத்தமாக மறுபடி கொண்டுவர வேண்டும். திறமைசாலிகள் சோர்ந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். பழக வழி உண்டு: மாதம் ஒரு வீடியோவை வெட்டே இல்லாமல், இரண்டு பேராக, ஒரே ஷாட்டில் எடுங்கள்.

"ஒரு நிமிஷ கேரக்டரை ரெண்டு மணி நேரத்துக்கு இழுக்க முடியுமா?"

இழுக்க முடியாது. வளர்க்க முடியும். ரீல்ஸில் சிரிப்பு வருவது அடையாளம் கண்டுகொள்வதால். "அட, எங்க வீட்லயும் இதே கதைதான்" என்று பார்ப்பவர் நினைத்த நொடியில் வேலை முடிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு அது போதாது. அந்த ஆளுக்கு ஏதாவது வேண்டும், அது கிடைக்காமல் போக வேண்டும், அதனால் நமக்கு ஒரு பதைப்பு வர வேண்டும். பஸ்ஸில் சில்லறை கேட்டுச் சண்டை போடும் கண்டக்டர் ஒரு நிமிடத்துக்குப் போதும். அவருக்கு மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் அது கதை.

முன்மாதிரி வேண்டுமானால், இஸ்ஸா ரே என்ற அமெரிக்க நடிகை 2011-இல் யூடியூபில் ஒரு சங்கோஜமான பெண்ணின் கதையைத் தொடராகப் போட்டார். அதில் வளர்த்த சுபாவத்தை வைத்து 2016-இல் பெரிய தொலைக்காட்சித் தொடர் எழுதினார். புவன் பாமும் நேராகத் தாவவில்லை. தன் சின்ன வீடியோக்களின் கதாபாத்திரங்களை 2021-இல் தன் சேனலிலேயே ஒரு தொடராகச் சேர்த்துப் பார்த்தார், 2023-இல்தான் ஓடிடி தொடர். நடுவில் அந்த ஒரு படி முக்கியம். பதினைந்து நிமிட எபிசோட் ஐந்து எழுதிப் பார்த்தால் உங்கள் கதாபாத்திரம் எவ்வளவு தூரம் நடக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

"நாங்க ஸ்பாட்ல பேசிப் பேசித்தான் எடுக்கிறோம். ஸ்கிரிப்டெல்லாம் எழுதியே ஆகணுமா?"

ஆக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். என்.எஸ்.கே. தன் குழுவோடு சேர்ந்து தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே உருவாக்கினார். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காமெடியை நாம் கவுண்டமணி செந்தில் பெயரில் ஞாபகம் வைத்திருக்கிறோம், அதை எழுதியவர் ஏ.வீரப்பன். முகம் எவ்வளவு பிரியத்துக்குரியதானாலும் அதற்குப் பின்னால் எழுதுபவர் ஒருவர் வேண்டும். அது நீங்களாக இருக்கலாம், உங்கள் நண்பராக இருக்கலாம். நண்பராக இருந்தால் அவர் பெயரை ஒவ்வொரு வீடியோவிலும் போடுங்கள். அவரை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் சினிமாவுக்குப் போனால், போன இடத்தில் உங்கள் வாயில் வைக்கப்படும் வசனம் உங்களுக்குப் பொருந்தாது. படம் வந்ததும் "ரீல்ஸ்ல நல்லாத்தான இருந்தான்" என்பார்கள்.

ஸ்பாட்டில் வரும் வரிகளை விட வேண்டியதில்லை. எடுத்த பிறகு, நன்றாக வந்ததை உட்கார்ந்து எழுதுங்கள். எந்த வரி எதனால் சிரிப்பாயிற்று என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். ஒரு வருடத்தில் உங்களுக்கென்று ஒரு பாடப்புத்தகமே சேர்ந்துவிடும்.

"எங்களுது பக்கா தின்னவேலி பேச்சு. சென்னைக்காரங்களுக்குப் புரியாதுன்னு மாத்தச் சொல்றாங்க."

மாற்றாதீர்கள். நக்கலைட்ஸின் பலமே கொங்குப் பேச்சுதான். டிக்டாக்கில் பிரபலமான ஜி.பி.முத்துவை அவருடைய உடன்குடிப் பேச்சோடு சேர்த்துத்தான் ஊர் ஏற்றுக்கொண்டது. ஒரு சொல் புரியாவிட்டாலும் தொனி புரிந்தால் போதும், அடுத்த வரியில் அர்த்தம் பிடிபட்டுவிடும். படத்துக்குக் கூப்பிட்டு "நார்மல் தமிழ்ல பேசுங்க" என்றால், அந்தக் கதாபாத்திரம் எந்த ஊர் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டு பேசுங்கள். வட்டாரப் பேச்சு ஒன்று கைவசம் இருப்பவருக்கு இன்னொன்று சீக்கிரம் பிடிபடும்.

"பட வசனத்துக்கு வாயசைச்சே ஃபேமஸ் ஆனவங்க இருக்காங்களே?"

இருக்கிறார்கள். டப்ஸ்மாஷ் மூலம் தெரியவந்த மிருணாளினி ரவி 2019-இல் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் நடித்தார். முகபாவத்துக்கு அது நல்ல பயிற்சி. நகைச்சுவையில் தங்க நினைப்பவருக்கு அது போதாது, ஏனென்றால் சிரிப்பு வேறொருவருடையது. அந்த ஒலியின் உரிமையும் வேறொருவருடையதுதான். பிராண்டுக்காக எடுக்கும் வீடியோவில் பட வசனமோ பாட்டோ போடுவதானால் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். செயலியில் பாட்டு கிடைக்கிறது என்பதால் விளம்பரத்துக்கும் போடலாம் என்று அர்த்தமில்லை.

"யூடியூப்ல காசு எப்படி வருது? வேலையை விட்டுடலாமா?"

விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். நீள வீடியோவில் கிரியேட்டர் பங்கு 55 சதவீதம், 2023 பிப்ரவரி முதல் ஷார்ட்ஸில் 45 சதவீதம். சதவீதம் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தாலும் கைக்கு வரும் தொகையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதே எண்ணிக்கைப் பார்வைக்கு ஷார்ட்ஸில் மிகக் குறைவாகத்தான் வரும். ரீல்ஸில் சம்பாதிப்பவர்களுக்குப் பெரும்பாலும் பிராண்டு விளம்பரம்தான் வருமானம். தீபாவளி, பொங்கலை ஒட்டி நிறைய வரும், நடுவில் சில மாதம் ஒன்றுமே இருக்காது.

வேலையை விடுவது பற்றி என் கருத்து: ஒரு வருடச் செலவு கையில் சேரும்வரை விடாதீர்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வாடகைக்காக வீடியோ போட ஆரம்பித்தால், போன மாதம் ஓடியதையே இந்த மாதமும் எடுக்கத் தோன்றும். வேலைக்குப் போகும் இடம்தான் உங்களுக்கு ஆட்களைக் காட்டுகிறது. பஸ்ஸில், ஆபீஸில், ரேஷன் கடையில் கேட்டதுதான் அடுத்த வீடியோ.

"பிராண்ட்காரங்க காசுக்குப் பதிலா போன் குடுத்தாங்க. அதுக்கும் வரியா?"

ஆமாம். 2022 ஜூலை முதல், தொழில் சார்ந்து கிடைக்கும் பொருள் அல்லது சலுகையின் மதிப்பு ஒரு வருடத்தில் ரூ.20,000-ஐத் தாண்டினால் கொடுப்பவர் 10 சதவீத டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, பிடிக்க வேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இது பொருந்தாது. மொத்த வரவு வருடத்துக்கு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும், இந்தச் சேவைக்கு 18 சதவீதம். முதல் பிராண்டு வந்த அன்றே ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

"விளம்பரம்னு போட்டா வியூஸ் கம்மியாகுது. போடாம விட்டா என்ன?"

போட்டே ஆக வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதி 2021-இலிருந்து இருக்கிறது, நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் தன் வழிகாட்டுதலையும் வெளியிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் பேச்சை நம்பித்தானே அவர்கள் சிரிக்கிறார்கள்? அந்த நம்பிக்கை போனால் சிரிப்பும் போய்விடும். சூதாட்டச் செயலி எதையும் தொடாதீர்கள், எவ்வளவு கொடுத்தாலும்.

"ஆடிஷன்ல செலக்ட் ஆயிட்டேன், ஆனா சங்கத்து கார்டு எடுக்க, போர்ட்ஃபோலியோ எடுக்கப் பணம் கட்டணும்ங்கிறாங்க."

கட்டாதீர்கள். நடிகருக்குப் பணம் கொடுப்பதுதான் தயாரிப்பாளர் வேலை. தேர்வுக்குப் பணம் கேட்பவர், ஹோட்டல் அறைக்கு வரச் சொல்பவர், பெரிய இயக்குநர் பெயரைச் சொல்லிவிட்டு அலுவலக முகவரி தராதவர், மூவரையும் அப்போதே விட்டுவிடுங்கள். சங்கத்தில் உறுப்பினராக வேண்டிய கட்டம் வந்தால் தென்னிந்திய நடிகர் சங்கத்துக்கு நீங்களே நேரில் போய் விசாரிக்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை.

"ஒரு பெரிய சேனல்ல கூப்பிடுறாங்க. சேரலாமா, தனியாவே பண்ணலாமா?"

சேனலில் சேர்ந்தால் கேமரா, எடிட்டர், எழுத்தாளர், மாதச் சம்பளம் எல்லாம் கிடைக்கும். தனியாக இருப்பவருக்கு இரண்டு வருடம் ஆகும் பயிற்சி அங்கே ஆறு மாதத்தில் கிடைத்துவிடும். இருபது வயதுக்காரர்களைச் சேரவே சொல்வேன்.

ஆனால் கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையில் இருக்கும்போது அந்த வேலைக்காக உருவாக்கியதற்கு, வேறு மாதிரி எழுதி ஒப்புக்கொள்ளாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். வெளியே வந்த பிறகு அந்தக் கதாபாத்திரத்தின் பெயரை, கெட்டப்பை, தொடரின் தலைப்பை நீங்கள் பயன்படுத்தலாமா என்பதைத் தனி வரியாக ஒப்பந்தத்தில் கேட்டு வாங்குங்கள். கோபியும் சுதாகரும் 'மெட்ராஸ் சென்ட்ரல்' சேனலில் பெயர் வாங்கிவிட்டுப் பிறகு 'பரிதாபங்கள்' என்று சொந்தச் சேனல் தொடங்கினார்கள். பார்வையாளர்கள் பின்னாலேயே வந்தது அவர்களுடைய பெயருக்காகவும் ஜோடிக்காகவும். உங்கள் பெயரை வீடியோவுக்கு வீடியோ சொல்ல வைப்பதும் ஒரு பாதுகாப்பு. சினிமா சான்ஸ் வந்தால் சேனலுக்கு எத்தனை சதவீதம், எத்தனை வருடத்துக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

"பொண்ணுங்க காமெடி பண்ணா கமெண்ட்ல கேவலமாப் பேசுறாங்க. வீட்லயும் விட மாட்றாங்க. என்ன பண்றதுக்கா?"

மனோரமாவும் கோவை சரளாவும் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் அந்த இடம் பெரும்பாலும் காலியாக இருக்கிறது. செல்பேசியில் அதை நிரப்பத் தகுதியுள்ள பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சினிமாதான் அவர்களுக்குக் கதாநாயகியின் தோழி வேடத்தைத் தாண்டி எழுதவில்லை. ஆண்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா வேடம் கட்டும் வீடியோக்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அந்த அம்மாவின் பக்கத்திலிருந்து சொல்லப்படும் நகைச்சுவை இன்னும் வர வேண்டியது. ஸ்கிரிப்ட் பற்றிச் சொன்னது பெண்களுக்கு இரு மடங்கு பொருந்தும். வேறு யாரும் எழுதித் தரப்போவதில்லை, நீங்களே எழுதுங்கள்.

கமெண்டுக்கு: கெட்ட வார்த்தைகளை வடிகட்டும் வசதி எல்லாத் தளத்திலும் இருக்கிறது, தமிழ் வார்த்தைகளை நீங்களே சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலை ஒரு தோழியிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள், நீங்கள் படிக்க வேண்டாம். மிரட்டல் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுங்கள். வீட்டாரை ஒருநாள் படப்பிடிப்புக்குக் கூட்டிவாருங்கள். என் அனுபவத்தில் அதைவிட நன்றாக வேலை செய்தது எதுவும் இல்லை.

"குண்டா இருக்கிறவங்கள, கருப்பா இருக்கிறவங்கள வெச்சுப் பண்ணாத்தான் வியூஸ் போகுது. பண்ணலாமா?"

வேண்டாம். அதில் சிரிப்பவர் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, அடிபட்டவர் மறப்பதே இல்லை. சாதி, உடம்பு, திருநர், தூய்மைப் பணியாளர் என்று கீழே பார்த்து எறியும் நகைச்சுவை, பிற்பாடு படம் வரும் வாரத்தில் யாரோ தோண்டி எடுத்துப் போடும் வீடியோவாகவும் ஆகும். அதிகாரம் உள்ளவரைக் கேலி செய்யுங்கள். தமிழில் அதற்கு நல்ல மரபே இருக்கிறது.

"பிக் பாஸ், குக்கு வித் கோமாளி மாதிரி ஷோவுல கூப்பிட்டா போகலாமா?"

எழுதிய வசனம் இல்லாமல், நீங்களாகவே இருக்கும்போது சிரிக்க வைப்பீர்கள் என்றால் போகலாம். செல்பேசி வைத்திருக்காத பாட்டிக்கும் உங்களைத் தெரியும். ஜி.பி.முத்து 2022-இல் பிக் பாஸ் ஆறாவது சீசனுக்குப் போய், மகனைப் பார்க்க வேண்டும் என்று இடையிலேயே தானாக வெளியே வந்தார். அதற்குப் பிறகு அவர் மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

கதாபாத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மட்டும் சிரிக்க வைப்பவராக இருந்தால் யோசியுங்கள். ஒரு நாள் முழுக்க கேமரா ஓடும் வீட்டில் ஒளிய இடம் கிடையாது. அதில் வெட்கமில்லை, உங்கள் திறமை வேறு வகை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களுக்குப் பொருத்தமான இடம் வலைத்தொடர். ஸ்டாண்ட் அப் பேசுபவர்களுக்கும் ஓடிடியில் வழி திறந்திருக்கிறது. 2020-இல் தமிழில் வந்த 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' போட்டி அதற்கு ஓர் உதாரணம்.

"எப்பவுமே ஹீரோ ஃப்ரெண்டாத்தான் கூப்பிடுறாங்க. ஏத்துக்கிறதா வேணாமா?"

முதல் இரண்டு மூன்று படத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று சம்பளத்தோடு கற்றுக்கொள்ள வேறு வழியில்லை. கதை சொல்லும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: "என் கதாபாத்திரத்தை எடுத்துவிட்டால் கதை நிற்குமா?" நிற்கும் என்றால் எடிட்டிங்கில் உங்கள் காட்சிதான் முதலில் போகும். சம்பளம், கால்ஷீட் நாட்கள், டப்பிங் உங்கள் குரலா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

"நேரா ஹீரோவா பண்ணிட்டா ஃபாலோயர்ஸ் எல்லாம் தியேட்டருக்கு வந்துடுவாங்கல்ல?"

வர மாட்டார்கள். பாதிப் பேர்கூட வர மாட்டார்கள். அவர்கள் உங்களை வெறுக்கவில்லை. பஸ்ஸில், படுக்கையில், சாப்பிடும்போது இலவசமாகச் சந்தித்த ஆளைப் பார்க்க, பார்க்கிங் போட்டு டிக்கெட் எடுத்து மூன்று மணி நேரம் உட்காருவது வேறு முடிவு. அந்த முடிவை முகத்துக்காக யாரும் எடுப்பதில்லை, கதைக்காக எடுக்கிறார்கள். 2025 ஜனவரியில் இரண்டு வழியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. 'ஜம்ப் கட்ஸ்' யூடியூப் சேனலின் ஹரி பாஸ்கர் 'மிஸ்டர் ஹவுஸ் கீப்பிங்'கில் நாயகனாக வந்தார், செல்பேசியில் தெரிந்த முகம் பெரிய திரைக்கு வந்த வழி அது. 'குடும்பஸ்தன்' அதே மாதம் வந்தது. அதில் நக்கலைட்ஸ் ஆட்கள் எழுதி இயக்கினார்கள், சிலர் நடித்தார்கள், நாயகன் மட்டும் நடிகர் மணிகண்டன். படம் நன்றாக ஓடியது. வேலை போன கணவன், கடன், மாமனார் வீடு என்று அவர்கள் பல வருடம் சின்னச் சின்னதாகச் சொல்லிப் பழகிய குடும்ப உலகத்தைப் பெரிய கதையாக்கியதுதான் அதன் பலம் என்பது என் எண்ணம்.

ஹரி பாஸ்கர் போன வழி தவறு என்று சொல்லவில்லை. அந்த வழியில் போகும்போது, உங்களுக்காகவே எழுதப்பட்ட கதை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தியேட்டருக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. முந்நூறு பேர் சேர்ந்து சிரித்தால் அடுத்த வசனம் கேட்காது. ரீல்ஸ் வேகத்தில் வசனம் எழுதினால் பாதி வசனம் சிரிப்பிலேயே மூழ்கிவிடும். ஒவ்வொரு பெரிய சிரிப்புக்குப் பிறகும் வசனமில்லாத ஒரு சின்ன அசைவை எழுதி வையுங்கள்.

"படம் வந்தாச்சு. இனிமே ரீல்ஸ் போடுறத நிறுத்திடலாமா? ஹீரோ இமேஜ் போயிடும்ங்கிறாங்க."

நிறுத்த வேண்டாம். படத்துக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு வருடம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் உங்கள் கையிலிருக்கும் ஒரே மேடை அதுதான். எண்ணிக்கையைக் குறையுங்கள், மாதம் இரண்டு போதும். விளம்பரக் கூச்சலாக இல்லாமல், புதுக் கதாபாத்திரங்களைச் சோதித்துப் பார்க்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பட ஒப்பந்தத்தில் "படம் வெளியாகும்வரை வேறு வீடியோவில் தோன்றக் கூடாது" என்ற வரி வரலாம். கெட்டப்பை மறைக்கத்தான் என்றால் அந்தக் கெட்டப்பில் மட்டும் தோன்ற மாட்டேன் என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். முழுத் தடைதான் வேண்டும் என்றால், எத்தனை மாதம் என்று தேதி போட்டு, அந்த மாதங்களுக்கான தொகையையும் சம்பளத்தோடு சேர்த்துக் கேளுங்கள். படம் தள்ளிப்போனால் அந்தத் தேதியோடு தடை முடிந்துவிட வேண்டும், வெளியீட்டு நாளோடு இழுபடக் கூடாது.